அப்பத்தா வீடு குரூப்: பெரியப்பா ஸ்கேன் ரிப்போர்ட்

ஞாயிறு, காலை 8:05

ரவி: எல்லாருக்கும் வணக்கம். 18ஆம் தேதி அப்பாவோட அறுபதாம் கல்யாணம், திருக்கடையூர். திண்டுக்கல்ல இருந்து 17 காலைச் சாப்பாடு முடிச்சுக் கிளம்பிருவோம். ரூம் எத்தனைன்னு இன்னைக்கு சொல்லியாகணும். வர்றவங்க பேர் போடுங்க.

பாலு சித்தப்பா: நாங்க 4

வசந்தா அத்தை: நாங்க ரெண்டு பேரு. கீழ் ரூம் வேணும். உன் கல்யாணத்துல மூணாவது மாடி குடுத்தீங்க. லிஃப்டும் ஓடல. நான் மறக்கல

ரவி: சரி அத்தை, கீழதான்

பாலு சித்தப்பா: ரவி, 17 நைட்டுக்கு ஓரமா ஒரு ரூம் தனியா போட்டு வை. ஆம்பளைங்க பேச

சரோஜா பெரியம்மா: என்ன பேச

பாலு சித்தப்பா: சும்மா மதினி. பழைய கதைதான்

சரோஜா பெரியம்மா: [படம்]

சரோஜா பெரியம்மா: செல்வி இத பாரு

ரவி: அம்மா, இது குரூப்பு. செல்விக்குத் தனியா அனுப்பு

சரோஜா பெரியம்மா: தெரிஞ்சுதான் போட்டேன். எல்லாரும் பாக்கட்டும்

முருகேசன் பெரியப்பா: சரோஜா, அதை எடு

கணேசன் மாமா: என்ன மச்சான் ஆச்சு

கார்த்தி: ஃபேட்டி லிவர் கிரேடு 2ன்னு போட்டிருக்கு மாமா. ஈரல்ல நடுத்தரமா கொழுப்பு படிஞ்சிருக்காம்

செல்வி: டூட்டில இருக்கேன் பெரியம்மா. ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு வர்றேன்

பாலு சித்தப்பா: ஃபேட்டி லிவர் இப்ப எல்லாருக்கும் இருக்கு. பயப்படாதீங்க அண்ணே. கீழாநெல்லி மோர்ல அரைச்சுக் குடிங்க

வசந்தா அத்தை: அண்ணனுக்குச் சின்ன வயசுலயே வயிறு உண்டு. எங்கப்பா வாகு அது

சரோஜா பெரியம்மா: உங்கப்பா குடிக்கல வசந்தா

பாலு சித்தப்பா: [ஃபார்வேர்டு] பீர் குடித்தால்தான் தொப்பை வரும்! பிராந்தி, விஸ்கியில் சர்க்கரையும் இல்லை, கொழுப்பும் இல்லை. வெந்நீரில் கலந்து அருந்தினால் வயிற்றுக் கொழுப்பு கரையும். அனைவருக்கும் பகிருங்கள்.

கணேசன் மாமா: இதைத்தான் நான் எத்தனை வருஷமா சொல்றேன்

கார்த்தி: இது உண்மையா செல்வி அக்கா

காலை 9:40

செல்வி: உண்மை இல்ல. பாலு சித்தப்பா, இதை இன்னொரு குரூப்புக்கு அனுப்பிராதீங்க. விவரமா எழுதுறேன், எல்லாரும் கடைசி வரைக்கும் படிங்க.

செல்வி: பிராந்தியில சர்க்கரை இல்லைங்கறது சரி. ஆனா ஆல்கஹாலே கலோரிதான். சோறு, சர்க்கரை எல்லாம் கிராமுக்கு 4 கலோரி. கொழுப்பு 9. ஆல்கஹால் 7. ஒரு குவாட்டர் 180 மில்லி. பாட்டில்லயே 42.8 சதவீதம்னு போட்டிருப்பான். அதுல 61 கிராம் சுத்த ஆல்கஹால். கணக்குப் போட்டா 425 கலோரி கிட்ட. ஆறேழு இட்லி. 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம்னு வச்சாலும் ஆல்கஹால் 41 கிராம்தான், கூட கொஞ்சம் மாவுச்சத்து. அதனால பீர்ல மட்டும் தொப்பை, பிராந்தியில இல்லைன்னு யாரும் சமாதானம் சொல்லிக்காதீங்க.

பாலு சித்தப்பா: ஆறு இட்லி என்ன பெரிய விஷயமா

கணேசன் மாமா: அதானே

செல்வி: சித்தப்பா, விஷயம் இட்லிக் கணக்கோட முடியல. ஆல்கஹாலை உடம்பு சேத்து வைக்க முடியாது. அதை முதல்ல வெளியேத்தியாகணும், அந்த வேலை பெரும்பாலும் ஈரலுக்குத்தான். பந்தியில சம்பந்தி வீட்டாரை முதல்ல உக்கார வச்சுட்டு நம்ம ஆளுங்களை நிக்க வைக்கிறோம்ல, அப்படித்தான். ஆல்கஹால் முடியற வரைக்கும் கொழுப்பு எரியறது ரொம்பக் குறைஞ்சிருது. ஈரலால மணிக்கு 7லேருந்து 10 கிராம் வரைக்கும்தான் முடியும். ராத்திரி பத்து மணிக்கு ஒரு குவாட்டர் உள்ள போனா விடியற வரைக்கும் ஈரலுக்கு அதே வேலை. அந்த நேரம் பாத்து மிக்சர், கடலை, சுக்கா, கடைசியில பரோட்டா சால்னா. அதெல்லாம் எங்க போகும்? நேரா சேமிப்புக்கு. 100 கிராம் மிக்சர் மட்டுமே 500 கலோரி. குடிச்சிருக்கும்போது வயிறு நிறைஞ்சதும் தெரியாது.

வசந்தா அத்தை: இவர் பரோட்டா சாப்பிட மாட்டாரு. சாப்பாடே சரியா இல்ல. தட்டை வச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு

கணேசன் மாமா: வசந்தா

முருகேசன் பெரியப்பா: நான் சனிக்கிழமை மட்டும்தான்மா செல்வி

சரோஜா பெரியம்மா: சனி. அப்புறம் புதன். அப்புறம் காதுகுத்து, கெடா வெட்டு, மேட்ச்

முருகேசன் பெரியப்பா: போன்ல எழுத வேண்டியதில்ல இதெல்லாம்

சரோஜா பெரியம்மா: நேர்ல சொன்னா டிவி சத்தத்தைக் கூட்டுறீங்க

ரவி: அம்மா, அப்பா, அப்புறம் பேசுவோம். ரூம் கணக்கு பாக்கி இருக்கு

மல்லிகா சித்தி: நான் கார்த்தி ரெண்டு பேரு

செல்வி: பெரியப்பா, உங்க ரிப்போர்ட்ல ட்ரைகிளிசரைடு, அதாவது ரத்தத்துல ஓடுற கொழுப்பு, 312. 150க்குக் கீழ இருக்கணும். ஈரல் அடிபட்டா ரத்தத்துல ஏறுற எஸ்ஜிபிடி 78, அதுவும் அதிகம். இடுப்பு 104 செ.மீ. நம்ம ஊர் ஆம்பளைக்கு 90 தாண்டினாலே அதிகம். பேண்ட் 36தான்னு சொல்லிராதீங்க, எல்லாரும் தொப்பைக்குக் கீழதான கட்டுறீங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல, மூச்சை விட்டுட்டு டேப் வச்சு அளக்கணும். வயித்தை உள்ள இழுக்கக் கூடாது.

முருகேசன் பெரியப்பா: டெய்லரு 42ன்னான். பட்டு ஜிப்பா பிரிச்சுத் தைக்கிறானாம்

வசந்தா அத்தை: எந்தக் கடை துணி? மதுரையிலா எடுத்தீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல

சரோஜா பெரியம்மா: அவசரத்துல எடுத்தது வசந்தா. உனக்கும் புடவை எடுத்திருக்கு

வசந்தா அத்தை: என்ன கலரு

சரோஜா பெரியம்மா: அரக்கு. பச்சை பார்டர்

வசந்தா அத்தை: அரக்கு எனக்கு ரெண்டு இருக்கு. பரவால்ல

செல்வி: நான் இன்னும் முடிக்கல. பொம்பளைங்களுக்குக் கொழுப்பு முதல்ல இடுப்புலயும் தொடையிலயும் சேரும். ஆம்பளைங்களுக்கு வயித்துக்குள்ள, குடலைச் சுத்தி. கையால பிடிச்சா மாட்டாது, வயிறு கல்லு மாதிரி கெட்டியா இருக்கும். அந்தக் கொழுப்பு ரத்தத்தோட நேரா ஈரலுக்குத்தான் வருது. அங்க ஏற்கனவே ஆல்கஹாலே கொழுப்பை உண்டாக்கிட்டு இருக்கு. குடி, தொப்பை ரெண்டும் சேர்ந்தா தனித்தனியா பண்றதை விட அதிகமா ஈரலைக் கெடுக்குது. அதனாலதான் 2023ல டாக்டருங்க கொழுப்பு ஈரலுக்குப் பேரை மாத்தினப்ப, ரெண்டும் சேர்ந்தவங்களுக்கு மெட்-ஏஎல்டின்னு தனியா ஒரு பேரே வச்சாங்க. ஆம்பளைக்கு ஒரு நாளைக்குச் சராசரி 30லேருந்து 60 கிராம் குடிக்கிறவங்க அதுல வருவாங்க.

கணேசன் மாமா: நான் அதுல வரமாட்டேன். 62 கிலோ. தொப்பையே கிடையாது

செல்வி: மாமா, தினம் எவ்வளவு?

கணேசன் மாமா: ரெண்டு ரவுண்டு. அளவோட. இதயத்துக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்றாங்க

செல்வி: ஒரு ரவுண்டு 60 மில்லின்னா 20 கிராம். ரெண்டு 40. இதயத்துக்கு நல்லதுன்னு சொன்னது பழைய கதை. 2023 ஜனவரியில உலக சுகாதார நிறுவனமே சொல்லிருச்சு, பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு.

செல்வி: ஒல்லியா இருக்கறதை நம்பாதீங்க மாமா. புனேயில யாஜ்னிக்னு ஒரு டாக்டர், லண்டன்ல யுட்கின்னு ஒரு டாக்டர். ரெண்டு பேருக்கும் உயரத்துக்கு எடை ஒரே கணக்கு, பிஎம்ஐ 22.3. மெஷின்ல பாத்தா வெள்ளைக்காரருக்கு உடம்புல கொழுப்பு 9.1 சதவீதம், நம்ம ஆளுக்கு 21.2. 2004ல படத்தோட லான்செட் பத்திரிகையில வந்துச்சு. பாத்தா ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஒல்லி. நம்ம உடம்பு அப்படி. கை கால் மெலிஞ்சு, கொழுப்பு உள்ள இருக்கும். எங்க வார்டுல ஈரல் கெட்டு வர்றவங்கள்ல பாதிப் பேரு ஒல்லிதான். சாப்பாட்டைக் குறைச்சுட்டுக் குடிக்கிறவங்களுக்குச் சதையும் கரையுது, தோள், தொடை எல்லாம் வத்திப் போகுது. சட்டையைக் கழட்டினாத்தான் தெரியும்.

வசந்தா அத்தை: இவருக்கு மோதிரம் கழண்டு விழுது

கணேசன் மாமா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

பாலு சித்தப்பா: என்ன அத்தான் அழிச்சீங்க

கார்த்தி: எங்கப்பாவும் ஒல்லிதான்

காலை 10:15

ரவி: டேய் கார்த்தி

பாலு சித்தப்பா: மூர்த்தி அண்ணனுக்கு மஞ்சக்காமாலை. அது வேற

மல்லிகா சித்தி: மஞ்சக்காமாலை இல்ல. ஈரல் போயிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு. பொண்ணு குடுக்க யோசிப்பாங்க, வெளிய மஞ்சக்காமாலைன்னு சொல்லிக்குவோம்னு மாமியார்தான் சொன்னாங்க. 44 வயசு. கடைசியில வயிறு மட்டும் அவ்வளவு பெருசா இருந்துச்சு, கை கால் குச்சி. தொப்பைன்னு எல்லாரும் கேலி பண்ணாங்க. அது நீரு

சரோஜா பெரியம்மா: மல்லிகா

மல்லிகா சித்தி: செல்வி சொல்றதை யாராவது கேளுங்க மதினி. அவ்வளவுதான்

முருகேசன் பெரியப்பா: சரிம்மா மல்லிகா

காலை 10:50

கார்த்தி: அக்கா, கிரேடு 2 திரும்புமா

செல்வி: திரும்பும். கொழுப்பு மட்டும் படிஞ்சிருக்கிற கட்டத்துல குடியை நிறுத்தினா சில வாரத்துலயே ஈரல் தெளிய ஆரம்பிக்கும். ட்ரைகிளிசரைடு அதுக்கும் முன்னாடி இறங்கும். தழும்பு விழுந்து சிரோசிஸ் ஆயிட்டாத்தான் பெரும்பாலும் திரும்பாது. பெரியப்பாவுக்கு இன்னும் வழி இருக்கு. அதனாலதான் இவ்வளவு எழுதுறேன். கீழாநெல்லியைக் குடிச்சுக்கிட்டு ராத்திரி இதையும் குடிச்சா ஒண்ணும் நடக்காது சித்தப்பா.

செல்வி: இன்னொண்ணு. தினம் குடிக்கிறவங்க, காலையில கை நடுங்குறவங்க, நாளைக்கே நிறுத்துறேன்னு தானா நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம். டாக்டர்கிட்ட சொல்லி, மருந்தோட நிறுத்தணும். ஜிஹெச்லயே பாப்பாங்க.

முருகேசன் பெரியப்பா: 18 வரைக்கும் தொட மாட்டேன். அப்புறம் பாப்போம்

சரோஜா பெரியம்மா: அப்புறம் என்ன பாக்குறது

முருகேசன் பெரியப்பா: அபிராமி சந்நிதியில வச்சு என்னை எதுவும் சத்தியம் பண்ணச் சொல்லாத. முதல்ல 18 முடியட்டும்

ரவி: அப்ப அந்தத் தனி ரூம்?

பாலு சித்தப்பா: சீட்டாட்டத்துக்கு வச்சுக்கலாம்

சரோஜா பெரியம்மா: வேண்டாம்

வசந்தா அத்தை: அந்த ரூமை மல்லிகாவுக்குக் குடு ரவி. கீழதானே இருக்கு

மல்லிகா சித்தி: எனக்கு எங்கன்னாலும் சரி மதினி

ரவி: பாலு சித்தப்பா?

பாலு சித்தப்பா: யோசிச்சு சொல்றேன்

கணேசன் மாமா: செல்வி, அந்த ட்ரைகிளிசரைடு வெறும் வயித்துலயா எடுக்கணும்?

செல்வி: ஆமா மாமா. முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடிச்சுருங்க, காலையில தண்ணி மட்டும். ஈரல் டெஸ்ட் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, ஜிஜிடியும் சேத்து எழுதச் சொல்லுங்க. வயித்து ஸ்கேனும். கை நடுக்கம் இருக்கா? தனியா மெசேஜ் பண்ணுங்க

வசந்தா அத்தை: நான் கூட்டிட்டு வர்றேன் செல்வி. செவ்வாய் முடியாது, பால்காரன் கணக்கு. புதன்

கணேசன் மாமா: வியாழன்

வசந்தா அத்தை: புதன்