அலையாத்தி நடவு: எங்கே சறுக்குகிறது?

மீன்வளம் படித்துவிட்டு அலையாத்திக் காடு (மாங்குரோவ்), கரைப் பாதுகாப்பு வேலைக்கு வருகிறவர்கள் களத்தில் எதில் சறுக்குகிறார்கள்? பிச்சாவரம், முத்துப்பேட்டை நிலவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கழிமுகம்:
தரை மட்டத்தில்தான். பிச்சாவரத்தில் முன்பு கட்டம் கட்டமாக மொட்டையடித்து மரம் வெட்டினார்கள். வெயில் பட்ட மண் காய்ந்து அமுங்கி, நடுவில் தொட்டி மாதிரி பள்ளமாகிவிட்டது. பெரிய ஓதத்தில் (கடல் ஏற்றத்தில்) ஏறிய தண்ணீருக்குத் திரும்ப வழியில்லை. நின்று வற்றி, மண்ணில் உப்பு ஏறும். கடல்நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அங்கே அதையும் தாண்டும். உமிரி என்ற உப்புச்செடி மட்டும்தான் தாக்குப்பிடிக்கும். அந்த இடத்தில் நேராகக் கன்று நட்டால் மழை முடியும்வரை பச்சையாக நிற்கும். போட்டோவுக்கு நன்றாகவும் இருக்கும். பங்குனி வெயிலில் மொத்தமும் கருகிவிடும். அதனால்தான் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் முதலில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதம் ஏறி இறங்க வழி செய்தார்கள்.

டியூப்லெவல்:
அந்த வாய்க்காலைப் பற்றி. மேல்வாய் 3 மீட்டர் என்றால் அடி 1 மீட்டர், ஆழம் 1 மீட்டர். கரை சரிவாக இருக்கணும். செங்குத்தாக வெட்டினால் முதல் மழைக்கே இடிந்து விழும். கிளை வாய்க்கால் தாய் வாய்க்காலில் சாய்வாகச் சேரட்டும், நேர்க்கோணத்தில் சேர்த்தால் வாயில் வண்டல் தங்கும். வெட்டிய மண்ணை விளிம்பில் குவிக்காதீர்கள். மழை அதைத் திரும்ப உள்ளேயே தள்ளும், ஓதமும் மேட்டைத் தாண்டித் தரைக்கு ஏறாது.

மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய கொத்தனார் டியூப் லெவலே போதும். ஆனால் குழாயில் ஒரு காற்றுக்குமிழ் இருந்தாலும் அளவு பொய்யாகும். இந்தக் கரையில் ஓத ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்குள்தான், 10 செ.மீ. பிசகினால் கன்று மூழ்கும் அல்லது காயும். கன்றை வைக்க வேண்டியது சரிவின் நடுவில், தரை மேலும் இல்லை, அடியிலும் இல்லை.

சுரபுன்னை:
விதையிலும் கவனம் வேண்டும். சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தில், மரத்திலேயே முளைத்துத் தொங்கும் நீண்ட முளைக்குச்சி காயோடு சேரும் இடத்தில் மஞ்சளாக ஒரு வளையம் தெரிந்தால்தான் முற்றியது. பச்சையாகப் பறித்தது அழுகும். குச்சியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேற்றில் செருகவேண்டாம். இன்னொரு அலையாத்தி மரமான வெண்கண்டலின் விதை பருவமழையை ஒட்டிக் கிடைக்கும், தண்ணீரில் ஊறினால் தோல் தானே கழன்றுவிடும். ஊருக்குப் பக்கமான இடத்தில் வெண்கண்டல் நட்டால் ஆடு மாடு விடாது, காவல் இருக்கணும்.

கழிமுகம்:
முக்கியமானது இன்னொன்று: தூர். வெட்டுவதற்குப் பணம் ஒதுக்குவார்கள், தூர்வார ஒதுக்க மறப்பார்கள். வாய் அடைத்தால் பழைய உப்புத்தொட்டி திரும்பிவிடும். அந்த வாய்க்காலில் இறாலும் நண்டும் ஏறும், கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு. எந்தக் கிளை அடைத்திருக்கிறது என்று அவர்களைக் கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுங்கள்.