மாதிரி விமானம்: பேட்டரி பராமரிப்பும் பறப்புக்கு முந்தைய சோதனையும்

கேள்வி:
மின்மோட்டாரில் இயங்கும் சிறிய ரேடியோ கட்டுப்பாட்டு விமானத்தின் லித்தியம் பாலிமர் பேட்டரியை முழுமையாக சார்ஜ் செய்தே வைத்திருக்கலாமா? பறக்கவிடுமுன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

பதில் 1:
முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லிலும் (பேட்டரிக்குள் உள்ள தனி மின்கலம்) 4.2 வோல்ட் இருக்கும். அந்நிலையிலேயே பல நாட்கள் வைத்தால் செல் விரைவில் நலிவடையும் என்பதால், ஏறக்குறைய 3.8 வோல்ட்டில் சேமித்து வையுங்கள். உப்பிய பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யவே கூடாது, தீப்பற்றக்கூடும்.

பதில் 2:
ரிமோட்டை இயக்கிய பிறகே விமானத்தில் பேட்டரியை இணைக்க வேண்டும். தரையிறங்கியதும் பேட்டரியைக் கழற்றிய பிறகே ரிமோட்டை அணைக்க வேண்டும். சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கிறதா என்பதை, புரொப்பல்லரைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். விரல்களைக் காப்பதற்கு இதைவிட முக்கியமான பழக்கம் இல்லை என்பேன்.

பதில் 3:
ஈர்ப்பு மையத்தையும், அதாவது விமானம் முன்பின் சாயாமல் சமநிலையில் நிற்கும் புள்ளியையும் பாருங்கள். வால் கனத்த விமானத்தைக் கட்டுப்படுத்துவது மிகக் கடினம்.