அடர்த்தி குறைவு என்றால் மெட்ரோ கிடையாதா?

பீளமேட்டுக்காரன்:
மத்திய அரசின் 2017 மெட்ரோ கொள்கைப்படி ஊரில் 20 லட்சம் பேர் இருக்கணுமாம். 2011 கணக்கில் கோவையில் அத்தனை பேர் இல்லை என்று 2025 நவம்பரில் திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2011க்கு அப்புறம் தலையை எண்ணவே இல்லையே! ஜன நெருக்கத்தை வைத்து ரோடு, ரயிலை முடிவு பண்ணுவது சரிதானுங்களா?

சோமனூர் தறி:
சரிதான், ஆனா எத்தனை பேர் என்பதைவிட எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கணுமுங்க. 2011இல் சென்னையில் சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கு மேல், கோவை மாவட்டத்தில் 731தான். அங்கே ஒரு ஸ்டேஷனைச் சுற்றி நடக்கிற தூரத்திலேயே வண்டி நிறைய ஆள் கிடைக்கும். இங்கே பாதிப் பேர் தோட்டத்துக்குள் வீடு கட்டியிருக்கிறோம், வேலையும் பல்லடம், அவிநாசி, திருப்பூர் என்று திசைக்கு ஒன்றாகக் கிடக்கிறது. அதனால்தான் பனியன் கம்பெனி வேன் ஊர் ஊராகப் போய் ஆள் ஏற்றுகிறது. மெயின் ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னாடியே பஸ், உள்ளே தள்ளியிருக்கிற ஊருக்குக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. 1997இல் மினி பஸ் கொண்டு வந்ததே இந்த மாதிரி ஊர்களுக்காகத்தான்.

திம்பம் ஏறுகிறவன்:
சராசரியை நம்பாதீங்க. ஈரோடு மாவட்டம் சதுர கிலோமீட்டருக்கு 390 சொச்சம், காரணம் சத்தியமங்கலம் காடு. ஈரோடு பன்னீர்செல்வம் பார்க்கில் போய் நின்று பாருங்கள், அந்தக் கணக்கு சிரிப்பாக இருக்கும். எங்க தாளவாடிப் பக்கத்துக்கோ திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு ஏறணும். கூட்டமில்லை என்று ஒரு ட்ரிப்பை நிறுத்துவார்கள், ஜனம் பைக் வாங்கும், அப்புறம் ‘பார்த்தீங்களா, ஆளே இல்லை’ என்று அடுத்த ட்ரிப்பும் போய்விடும்.

பீளமேட்டுக்காரன்:
அதேதாண்ணா இங்கேயும். 2011இல் மாநகராட்சியை 105இலிருந்து 257 சதுர கிலோமீட்டர் ஆக்கியபோது ஓரத்துக் காடு தோட்டமெல்லாம் சேர்ந்துதான் சராசரி இறங்கிவிட்டது, அவிநாசி ரோட்டு நெரிசல் இறங்கவில்லை. பத்து கிலோமீட்டர் பாலம் வந்தும், இறங்குதளம் இல்லாத இடத்துக்குப் போகிறவன் கீழேதான் போகணும்.

சோமனூர் தறி:
மெட்ரோ வருகிறபோது வரட்டுமுங்க. பீளமேடு, சிங்காநல்லூர், இருகூர், சோமனூர், வஞ்சிபாளையம், திருப்பூர் என்று ஸ்டேஷன் ஏற்கெனவே வரிசையாக இருக்கிறது. நின்று போகிற வண்டிதான் பத்தவில்லை, முதலில் அதைக் கேட்போம்.