பைலிங் சத்தம் எங்களுக்கு, காசு யாருக்கு?

ஜெலுத்தோங்காரன்:
பினாங்குத் தீவு ஜெலுத்தோங்ல, எங்க பிளாட்டுக்குப் பின்னால கொண்டோ அடுக்குமாடி எழும்புது. பைலிங், அதான் அஸ்திவாரத் தூண் அடிக்கிறது, ஆரம்பிச்சா மேசையில இருக்கிற பாலில்லாத தே ஓ டீ வட்டம் வட்டமா நடுங்கும். சரி, அது போகட்டும். கீழ்மாடி டேவான் ஹால்ல நடக்குற டியூஷனுக்கும் பெரியவங்க உடற்பயிற்சிக்கும் மானியம் கேட்டு எங்க குடியிருப்பாளர் சங்கம் மாநகர் மன்றத்துக்கு மனு போடுது. நான் கையெழுத்துப் போடல. டெவலப்பர்கிட்ட மேம்பாட்டுக் கட்டணம்னு வாங்குறாங்களே, அதுல ஒரு பங்கு தூசி திங்கிற ஏரியாவுக்கே வரணும். மனு அதுக்குத்தான் போகணும். கையேந்தி ஏன் நிக்கணும்?

டியூஷன் அக்கா:
தம்பி, அந்த டியூஷனை நடத்துறவ நான்தான். 17 பிள்ளைங்க, ரெண்டு காத்தாடி. ஒண்ணு கழுத்தைத் திருப்பாது, அதனால ஒரே வரிசைக்குத்தான் காத்து. ஜன்னலைத் திறந்தா நோட்டுப் புத்தகத்துல சிமெண்டுத் தூள் படியுது, மூடுனா வேகுது. உங்க கொள்கை ஜெயிக்கிற வரைக்கும் இதுங்க ஆறாம் வகுப்பை முடிச்சிட்டுப் போயிடும்.

பைல் தூக்கி:
உள்ளாட்சியில 22 வருஷம் கிளார்க். எந்த ஊர்னு கேக்காதீங்க. ஜெலுத்தோங்காரரே, மேம்பாட்டுக் கட்டணம் தூசிக்கு நஷ்டஈடு இல்ல. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், 32-ஆவது பிரிவு: உள்ளூர்த் திட்டத்துல, அதாவது எந்த நிலத்துல என்ன கட்டலாம்னு சொல்ற திட்டத்துல, நிலத்தோட பயன்பாடோ, அடர்த்தியோ, கட்டடப் பரப்போ மாறி, அதனால நிலத்து மதிப்பு ஏறினா வாங்குறது. எழும்புற எல்லாக் கட்டடத்துக்கும் கிடையாது. ஏரியா வாரியா பிரிச்சு வைக்கிற காசும் இல்ல. நீங்க சொல்ற மாதிரி பிரிச்சா என்ன ஆகும்? கொண்டோ குவியுற கர்னி, தஞ்சோங் தொக்கோங் பக்கம் காசு கொட்டும். புதுசா ஒண்ணும் எழும்பாத ஆயர் ஈத்தாம் பழைய பிளாட்டுக்குச் சல்லிக்காசு வராது. அப்போ அங்க இருக்கிற கிழவிக்கு யார் உடற்பயிற்சி வகுப்பு வைப்பா?

ஜெலுத்தோங்காரன்:
கர்னி விஷயம் நியாயம். நான் யோசிக்கல. ஆனா முழுசாவா கேட்டேன்? ஒரு பங்குதானே! அந்தப் பொதுக் காசை எங்க செலவு பண்றதுன்னு முடிவு பண்றது யார்? நாம ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சிலரா? உள்ளாட்சித் தேர்தலை 1965-ல நிறுத்தினாங்க, 1976 உள்ளாட்சிச் சட்டம் அதை முழுசா மூடிட்டுது. தேர்தலைத் திரும்பக் கொண்டுவரப் பினாங்கு 2012-ல தனியா ஒரு சட்டம் போட்டுப் பார்த்தது, 2014-ல கூட்டரசு நீதிமன்றத்துல நிக்கல. வருஷத்துக்கு ரெண்டு தடவை மன்றத்துக்கு மதிப்பீட்டு வரி, அதான் வீட்டு வரி, கட்டுறோம், கேக்குறதுக்கு மட்டும் ஆள் இல்ல.

புக்கிட் மணி:
ரெண்டு பேரும் விடுங்க லா. என் மாமியார் வீட்டுச் சுவர்ல விரிசல். விரிசல் எங்க முடியுதோ அங்க பென்சிலால கோடு போட்டுப் பக்கத்துல தேதி எழுதுவாங்க. நாலு தேதி ஆச்சு. கோடு படிக்கட்டு மாதிரி கீழ இறங்கிட்டே வருது. பக்கத்து சைட் கொண்ட்ரேக்டரோட ஆள் வந்தான், விரலால தடவிப் பார்த்தான், “பழைய வீடுதானே ஆண்ட்டி”ன்னுட்டுப் போயிட்டான். இந்த மாதிரி சமூக சேவை மானியம்னாலே எனக்கு வை.பி., அதான் தொகுதி மக்கள் பிரதிநிதி, முகம் போட்ட பேனரும் மீ கோரெங் பொட்டலமும்தான் ஞாபகம் வருது. முதல்ல சுவர், அப்புறம் உடற்பயிற்சி.

டியூஷன் அக்கா:
எல்லாமே பேனர் இல்ல, மணி. 2012-ல இதே தீவுல, சுங்கை பினாங்கு மக்கள் வீடமைப்புப் பிளாட்டுல, எதுக்குச் செலவு பண்ணணும்னு குடியிருக்கிறவங்ககிட்டயே கேட்டு ஒரு முன்னோடித் திட்டம் நடந்தது. பொம்பளைங்க தேவை வேற, ஆம்பளைங்க தேவை வேறன்னு பிரிச்சுக் கேட்டாங்க. அப்படி நம்ம பிளாட்டுல கேட்டா பகல்ல வீட்ல இருக்கிறவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். பைலிங்கைப் பகல் பூரா கேக்குறது அவங்கதானே. நீங்க வேலைக்குப் போயிடுறீங்க.

பைல் தூக்கி:
மணி, பென்சில் கோட்டை அழிக்க விடாதீங்க, தேதி தெரியிற மாதிரி போட்டோ எடுத்து வைங்க. பெரிய வேலை தொடங்குறதுக்கு முன்னால பக்கத்து வீட்டுச் சுவரையெல்லாம் படம் பிடிச்சு அறிக்கை வைக்கிறது வழக்கம். அந்த அறிக்கையை எழுத்து மூலமா கேளுங்க. விரிசல் அதுல இல்லன்னா “பழைய வீடு” கதை எடுபடாது.

இன்னொண்ணு. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்துல, திட்ட அனுமதிக்கு மனு வந்தா பக்கத்து நில உரிமையாளருக்கு நோட்டீஸ் வரும். ஆட்சேபம் சொல்ல 21 நாள். என் மேசைக்கு வந்ததுல பாதி 22-ஆம் நாள் வந்த கடிதம். மன்றத்தோட முழுக்கூட்டமும் பொதுமக்களுக்குத் திறந்ததுதான், சட்டத்துலயே இருக்கு. 22 வருஷத்துல பார்வையாளர் நாற்காலியில நான் அதிகம் பார்த்தது நிருபர்களோட பையைத்தான்.

புக்கிட் மணி:
கூட்டம் வேலை நாள்ல வச்சா யார் வருவா? ஆனா அறிக்கை விஷயம் தெரியாது. கேட்டுப் பார்க்கிறேன்.

ஜெலுத்தோங்காரன்:
அக்கா, சரி. மேம்பாட்டுக் கட்டணம் பத்தி ஒரு பக்கம் எழுதித் தர்றேன். அதையும் சேர்த்து அனுப்புனா கையெழுத்துப் போடுறேன்.

டியூஷன் அக்கா:
எழுதிட்டு ராத்திரி எட்டு மணிக்கு டேவானுக்கு வாங்க. ஆனா மானிய மனுவோட சேர்த்து ஸ்டேப்ளர் அடிக்க மாட்டேன். தனி உறை. சேர்த்து அடிச்சா, உங்களுது திரும்பி வந்தா என்னுதும் கூடவே வந்துடும். வரும்போது ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வாங்க, அந்தக் காத்தாடிக் கழுத்தைப் பார்க்கணும்.