பிரான்சில் வெற்றி, அமெரிக்காவில் வெற்றி: நீங்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

பாஸ்டனிலிருந்து (முன்பு பாரிஸ்)

பாரிசிலும் சரி, இப்போது இருக்கும் பாஸ்டனிலும் சரி, மென்பொருள் வேலைக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களில் கேள்வி கேட்கும் பக்கம் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். இந்த இரண்டு நாட்டுக்காரர்களும் எதை வெற்றி என்று நினைக்கிறார்கள் என்பது அந்த அறையில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

பாரிசில் நாற்பத்தைந்து வயதுக்காரரின் ரெஸ்யூமே வந்தாலும் எங்கள் மேலாளர் முதலில் தேடுவது அவர் எங்கே படித்தார் என்பதைத்தான். பக்கலோரேயா என்ற பள்ளி இறுதித் தேர்வு முடித்ததும் இரண்டு வருடம் பிரெப்பா என்ற கடுமையான பயிற்சி வகுப்பு, அப்புறம் போட்டித் தேர்வு, அதில் வாங்கும் ரேங்கை வைத்து கிராண்ட் எக்கோல் எனப்படும் உயர்கல்விக்கூடங்களில் இடம். 1794-ல் தொடங்கிய எக்கோல் பொலிடெக்னிக்கில் இருபது வயதில் ஒருவர் நுழைந்துவிட்டால் தலை நரைத்த பிறகும் அவரை அந்தப் பெயரோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். ஆனால் அவர் தானாக அதைச் சொல்லிக்கொண்டு திரிய மாட்டார், சம்பளத்தைப் பற்றி மூச்சே விடமாட்டார். எல்லோருக்கும் தெரியும், அது போதும்.

பாஸ்டனில் வந்த ஒருவர் தான் தொடங்கி மூடிய கம்பெனியை ரெஸ்யூமேயில் எல்லாவற்றுக்கும் மேலே போட்டிருந்தார். பணம் எப்படித் தீர்ந்தது, எந்த வாடிக்கையாளரை நம்பியிருக்கக் கூடாது, கடைசி மாதச் சம்பளத்தை எப்படிப் புரட்டினார் என்று அவர் விவரித்த பதினைந்து நிமிடமும் என்னோடு இருந்தவர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். எடுத்துக்கொண்டோம். பாரிசிலும் அப்படி ஒருவர் வந்திருக்கிறார். மூடிய கம்பெனியின் வருடங்களை வெறுமனே ‘ஆலோசகர்’ என்று எழுதி மறைத்திருந்தார், துருவிக் கேட்ட பிறகுதான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

இதைப் பிரெஞ்சுக்காரர்களின் கூச்சம் என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். முன்பெல்லாம் நீதிமன்றம் ஒரு கம்பெனியைக் கலைத்துவிட்டால், அதை நடத்தியவரின் பெயருக்கு எதிரே நாட்டின் மத்திய வங்கியான பாங்க் தெ பிரான்ஸ் கோப்பில் 040 என்ற குறி மூன்று வருடம் இருக்கும், அடுத்த தொழிலுக்குக் கடன் கேட்கப் போனால் வங்கிக்காரர் கண்ணில் அதுதான் முதலில் படும். அந்தக் குறியை 2013-ல்தான் எடுத்தார்கள். அமெரிக்காவில் 1978-லேயே திவால் சட்டத்தைத் திருத்தி, கடனைச் சீரமைத்துக்கொண்டே தொழிலைத் தொடர வழி செய்துவிட்டார்கள். தோற்றால் என்ன நடக்கும் என்பதை வைத்துத்தான் மனிதர்கள் தோல்வியைச் சொல்கிறார்கள் அல்லது மறைக்கிறார்கள். அதே கணக்கில், வேலை போனால் பெரும்பாலும் மருத்துவக் காப்பீடும் சேர்ந்து போகும் ஊரில் ஆள் தன்னைப் பற்றி ஓயாமல் எடுத்துச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. பிரான்சில் வேலை போனாலும் மருத்துவரைப் பார்க்கலாம்.

பகட்டை அங்கே எவ்வளவு வெறுக்கிறார்கள் என்பதற்கு ஒன்று. 2009-ல் ழாக் செகெலா என்ற பிரபல விளம்பரக்காரர், ஐம்பது வயதில் கையில் ரோலெக்ஸ் இல்லையென்றால் வாழ்க்கையே தோல்வி என்கிற மாதிரி தொலைக்காட்சியில் பேசிவிட்டார். நாடே கொதித்தது, சொன்னது தப்பு என்று பின்னால் அவரே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 2017-ல் ஸ்டார்ட்அப்களுக்கான ஸ்டாசியோன் எஃப் கட்டடத்தைத் திறந்துவைத்த பிரெஞ்சு அதிபர் மக்ரோன், ஜெயித்தவர்களும் ஒன்றுமே இல்லாதவர்களும் ரயில் நிலையத்தில் எதிர்ப்படுவார்கள் என்றதற்கும் அதே கொதிப்பு. ‘ஒன்றுமே இல்லாதவர்கள்’ என்பதை இன்னும் யாரும் மறக்கவில்லை. மறக்கவும் வேண்டாம் என்பேன்.

லியோனிலிருந்து

அண்ணா சொல்வது படித்தவர்களின் பிரான்ஸ். நான் இங்கே உணவகச் சமையலறையில் நிற்பவன், எங்கள் ஆட்களில் கனபேருக்கு இதுதான் தொழில். படிப்பில் வராத வெற்றி ஒன்றும் இந்த நாட்டில் இருக்கிறது. கைத்தொழிலில் தலைசிறந்தவர்களுக்கு மெய்யர் உவ்ரியே தெ பிரான்ஸ் என்று ஒரு பட்டம், 1924 முதல் கொடுக்கிறார்கள், ஏறக்குறைய நான்கு வருடத்துக்கு ஒருமுறை போட்டி. சமையல், பேக்கரி, பாலாடைக்கட்டி மட்டுமில்லை, தச்சு வேலை, கண்ணாடி வேலைக்கும் உண்டு. இத்தனை பேருக்குத்தான் என்று கணக்குக் கிடையாது, தரத்தை எட்டினால் பட்டம், ஒருவரும் எட்டாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. பொக்கூஸ் என்ற புகழ்பெற்ற லியோன் சமையல்காரர் 1961-ல் வாங்கியது இதைத்தான்.

எங்கள் ஷெஃப் அதை வாங்கியவர். நீலம், வெள்ளை, சிவப்புக் கழுத்துப்பட்டை வைத்த சட்டையை வேறு யாரையும் தேய்க்க விட மாட்டார். முதல் தடவை போட்டியில் தவறவிட்டு, அடுத்த போட்டி வரைக்கும் விடுமுறை நாட்களில் பூட்டிய சமையலறைக்குள் அதே சாஸைத் திரும்பத் திரும்பக் கிண்டியிருக்கிறார், இதைச் சொன்னது அவர் மனைவி. ஒருமுறை சாப்பிட வந்த அமெரிக்கத் தம்பதி மனதாரப் பாராட்டிவிட்டு, அடுத்த கிளை எப்போது, எந்த ஊரில் என்று கேட்டார்கள். இரண்டு கடை இருந்தால் ஒன்றில் நான் இருக்க மாட்டேனே என்று அவர் பதில் சொல்ல, அந்த மனிதர் நல்ல எண்ணத்தோடுதான் ஆள் வைத்து நடத்தும் முறையை விளக்க ஆரம்பித்தார். கனநேரம் பேசினார்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஏறவே இல்லை.

ஹூஸ்டனிலிருந்து

பாஸ்டன் சகோதரர் சொன்னதில் ஒன்றை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்கர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் பயத்தால் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு அம்மா பல வருடம் டிரக் ஓட்டியவர், நாற்பதைத் தாண்டிய பிறகு கம்யூனிட்டி காலேஜ் என்ற உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்ந்து நர்சிங் முடித்தார். காலேஜில் சேருவதற்கு நுழைவுத் தேர்வு ரேங்க் எதுவும் கேட்கவில்லை, பள்ளிப் படிப்பை முடித்த சான்று போதும், நர்சிங் வகுப்புக்கு மட்டும் தனியாகத் தகுதி பார்த்தார்கள். பட்டமளிப்பில் பெயரைக் கூப்பிட்டதும் அவருடைய பேரப்பிள்ளைகள் போட்ட கூச்சல் இருக்கிறதே, அரங்கில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை, முன்பின் தெரியாதவர்களும் சேர்ந்து கத்தினார்கள். ஊரே கேட்கும்படி சொல்வதுதான் இங்கே சந்தோஷம். கல்விக் கடன் இன்னும் கட்டுகிறார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாஸ்டனிலிருந்து

சரிதான், நாற்பதுக்கு மேலும் படிக்க விடும் அந்த இரண்டாவது வாசல் பெரிய விஷயம். பிரான்சும் 2002-ல் ஒரு சட்டம் போட்டு, வேலை அனுபவத்தை மதிப்பிட்டுப் பட்டம் கொடுக்கிறது, ஆனால் அப்படி வாங்கியவரை கிராண்ட் எக்கோல்காரருக்குச் சமமாக யாரும் உட்காரவைத்து நான் பார்த்ததில்லை.

பிள்ளைகளோடு அங்கிருந்து இங்கே மாறுபவர்களுக்கு ஒரு தகவல். என் மகள் பாரிஸ் பள்ளியில் கணக்கில் இருபதுக்குப் பதினாறு வாங்கியவள். இங்கே பள்ளி கவுன்சிலர் அதை அப்படியே நூற்றுக்கு எண்பது என்று மாற்றி சுமாரான பிள்ளைகள் வகுப்பில் போட்டுவிட்டார். பக்கலோரேயாவில் பதினாறு சராசரி இருந்தாலே மிகச் சிறப்பு என்ற தகுதி கிடைக்கும், பத்து எடுத்தால் தேர்ச்சி, இருபதுக்கு இருபது அங்கே அபூர்வம் என்றெல்லாம் விளக்கிக் கடிதம் எழுதிய பிறகுதான் மேல் வகுப்புக்கு மாற்றினார்கள். கிளம்பும் முன்பே பழைய பள்ளியில் வகுப்புச் சராசரியும் சேர்த்து அச்சிட்ட மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அவளுடைய வகுப்புச் சராசரி பதினொன்று, அந்த எண்ணைப் பார்த்ததும்தான் கவுன்சிலருக்குப் பதினாறின் அருமை புரிந்தது.