புதுப்பிப்பு: நேரலை நடுவே உறைந்த ஸ்விட்சர் பேனல் – தீர்ந்தது

நேரலை ஓடும்போதே ஸ்விட்சர் பேனலில் (எந்தக் கேமராவின் படம் போக வேண்டும் என்று மாற்றும் பட்டன் பலகை) எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை, விளக்குகள் மட்டும் எரிகின்றன என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கேபிளை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. பேனலை அணைத்துப் போட்டால் பத்து நிமிடம் ஓடும், அப்புறம் பழைய கதைதான். 'ஐபி முகவரி மோதுகிறதா பாருங்கள்', அதாவது நெட்வொர்க்கில் இரண்டு கருவிகளுக்கு ஒரே முகவரி இருக்கிறதா என்று ஒருவர் சொன்னதுதான் சரி. பேனலின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு அதன் முகவரிக்குப் பிங் அடித்தேன் (அங்கே ஏதாவது கருவி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை), பதில் வருகிறது! அப்படியென்றால் அதே முகவரியில் வேறொன்று இருக்கிறது. புதிதாகச் சேர்த்த லேப்டாப்புக்கு ரவுட்டர் அதே 192.168.10.50-ஐக் கொடுத்திருக்கிறது. பேனலுக்கு, ரவுட்டர் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபி வரம்புக்கு வெளியே நிலையான முகவரி வைத்தேன். நேற்று நான்கு மணி நேர நேரலை, ஒரு தடங்கலும் இல்லை.

எதிர்பாராதது ஒன்று: பேனல் செத்தபோதும் ஒளிபரப்பு நிற்கவில்லை. பேனல் கட்டளை மட்டும்தான் அனுப்புகிறது, படத்தை மாற்றுவது ஸ்விட்சரின் மெயின் யூனிட். பேனலின் வேலையையே செய்யும் கட்டுப்பாட்டு மென்பொருளை லேப்டாப்பில் திறந்து வைத்திருந்தால் அன்றே தப்பித்திருப்பேன்.