மூளை ஸ்கேன் ஒர்க்கிங் குரூப்ல சேர்றதால நிஜமா என்ன பிரயோஜனம்?

ஆய்வுமாணவி:
எல்லாருக்கும் வணக்கம். வலிப்பு நோய் எம்ஆர்ஐல பிஹெச்டி பண்றேன், ரெண்டாவது வருஷம். என்கிட்ட இருக்கறது மொத்தமே 34 பேஷண்ட் ஸ்கேன். இதை வச்சு தனியா பெருசா ஒண்ணும் சொல்ல முடியாது, ஏதாவது சர்வதேச குரூப்ல சேர்ந்துக்கோன்னு கைடு சொல்றார். எனக்கு ரெண்டு தயக்கம். பேஷண்டோட ஸ்கேனைத் தூக்கி முன்னப்பின்ன தெரியாதவங்க கையில கொடுக்கணுமா? என்னை நம்பித்தானே அவங்க மெஷினுக்குள்ள படுத்தாங்க. அப்புறம் இந்தக் குரூப்புங்க பேப்பர் போடறதோட நின்னுடுதா, இல்ல ஸ்கேன் ரூம் வரைக்கும் ஏதாவது மாறுதா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஸ்கேன்ரூம்:
ஸ்கேன் ரூம் பத்தி நான் சொல்றேன், டெக்னாலஜிஸ்ட் வேலை. முன்னாடி நான் இருந்த இடத்துல வலிப்புன்னு வந்தாலும் தலைவலிக்கு எடுக்கற அதே ப்ரோட்டோகால்தான், 5 மில்லிமீட்டர் ஸ்லைஸ், நடுவுல கேப் வேற. நார்மல்னு ரிப்போர்ட் போயிடும், மாத்திரைக்கு அடங்காத வலிப்போட அதே ஆள் மறுபடி வந்து நிப்பாங்க, பார்க்கவே கஷ்டமா இருக்கும். 2019ல வலிப்புக்கான சர்வதேச சங்கமான ஐஎல்ஏஈயோட இமேஜிங் டாஸ்க் ஃபோர்ஸ் ஹார்னஸ்னு ஒரு ப்ரோட்டோகால் வெளியிட்டாங்க. மூணே சீக்வன்ஸ், அதாவது மூணு விதமா படம் எடுக்கறது. மூளையோட அமைப்பைக் காட்டற 1 மிமீ 3டி டி1, மூளை நீரைக் கறுப்பாக்கி கோளாறை எடுத்துக்காட்டற 1 மிமீ 3டி ஃப்ளேர், அப்புறம் முகத்துக்கு இணையா வெட்டற கொரோனல் டி2. அந்த டி2லதான் விஷயமே இருக்கு. பக்கவாட்டுல இருந்து பார்க்கற சாஜிட்டல் படத்துல, ஹிப்போகாம்பஸ் (நினைவாற்றலோட சம்பந்தப்பட்ட மூளைப் பகுதி) எந்தப் பக்கமா சாஞ்சு படுத்திருக்குன்னு பார்த்து, அதோட நீளவாக்குக்கு சரியா செங்குத்தா ஸ்லைஸ் பாக்ஸைத் திருப்பணும். சும்மா நேரா வெட்டினா ஹிப்போகாம்பஸ் சாய்வா வெட்டுப்பட்டு உள்ள இருக்கற அடுக்கெல்லாம் கலங்கித் தெரியும். பேஷண்ட் தலை லேசா திரும்பியிருந்தாலே இடது வலது ரெண்டும் வேற வேற ஸ்லைஸ்ல விழும், நல்லா இருக்கற பக்கம்கூட சுருங்கின மாதிரி காட்டும். இதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தரல, அந்த குரூப் எழுதி வச்சதைப் படிச்சுத்தான் கத்துக்கிட்டோம்.

வோக்ஸல்:
நான் எனிக்மாங்கற சர்வதேச மூளைப் பட ஆய்வுக் குழுல இருக்கேன், டேட்டா பத்தி சொல்றேன். 2009ல மரபணுவையும் மூளைப் படத்தையும் சேர்த்துப் பார்க்கணும்னு ஆரம்பிச்சது, இப்ப ஒவ்வொரு நோய்க்கும் தனி ஒர்க்கிங் குரூப் இருக்கு, வலிப்புக்கும் இருக்கு. பொதுவா ஸ்கேன் உங்க சர்வரை விட்டு வெளிய போக வேண்டியதில்ல. எல்லா சென்டரும் ஒரே ஸ்கிரிப்டை ஃப்ரீசர்ஃபர்ங்கற மூளை அளக்கற சாஃப்ட்வேர்ல ஓட்டி, தாலமஸ் (மூளையோட நடுவுல இருக்கற பகுதி) கன அளவு இவ்வளவு, கார்டெக்ஸ் (மூளையோட வெளி அடுக்கு) தடிமன் இவ்வளவுன்னு எண்களா அனுப்புவாங்க. ஸ்கேனையே பகிரணும்னு வந்தா டிஃபேஸ் பண்ணாம, அதாவது முகப் பகுதியை அழிக்காம, கொடுக்கவே கொடுக்காதீங்க, 3டி டி1ல இருந்து முகத்தையே திருப்பி வரைஞ்சிடலாம்.

34 பேர்னு சங்கடப்படாதீங்க. 2018ல வந்த வலிப்பு குரூப்போட பேப்பர்ல 24 சென்டர், 2149 பேஷண்ட், ஒப்பிட 1727 ஆரோக்கியமானவங்க. பல சென்டரோட பங்கு சின்னதுதான், ஆனா எல்லாம் சேர்ந்தப்பதான், வலிப்போட வகை வேறயா இருந்தாலும் வலது தாலமஸ் சுருங்கறதும் உடல் அசைவைக் கட்டுப்படுத்தற மோட்டார் கார்டெக்ஸ் மெலியறதும் பொதுவா இருக்குன்னு தெரிஞ்சது. 34 ஸ்கேனை எவ்வளவு நேரம் உத்துப் பார்த்தாலும் அவ்வளவு நுணுக்கமான வித்தியாசம் நம்பற அளவுக்கு பிடிபடாது.

புள்ளிவிவரம்:
ரெண்டு பேர் சொன்னதும் சரி, ஆனா எண்ணிக்கை கூடினா மட்டும் போதாதுன்னு ஒரு விஷயம் சேர்த்துக்கறேன். நார்ப்ஸ்னு ஒரு ஆய்வு, 2020ல நேச்சர்ல வந்தது. 108 பேரோட ஒரே எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்யறதைக் காட்டற ஸ்கேன்) டேட்டாவை 70 டீமுக்குக் கொடுத்து 9 கருதுகோளைச் சோதிக்கச் சொன்னாங்க. எந்த ரெண்டு டீமும் ஒரே மாதிரி அனாலிசிஸ் பண்ணல, முடிவும் பல கருதுகோள்ல ஒத்துப்போகல. அத்தனை பேருமே இந்த வேலை தெரிஞ்சவங்க! அதனால குரூப்ல சேர்றதுக்கு முன்னாடியே, எந்த வெர்ஷன், எவ்வளவு ஸ்மூதிங் (படத்தை லேசா மங்கலாக்கி சீராக்கறது), யாரை ஏன் விலக்கினீங்கன்னு ஒண்ணு விடாம எழுதி வைங்க. மூளைப் பட ஆய்வாளர்கள் சங்கமான ஓஹெச்பிஎம்மோட கோபிடாஸ் அறிக்கைல என்னென்ன எழுதணும்னு விவரமா இருக்கு. மெஷின்ல இருந்து வர்ற டிகாம் ஃபைல் எல்லாத்தையும் இப்பவே பிட்ஸ் அமைப்புக்கு (ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் பேர் வைக்கற பொது முறை) மாத்திடுங்க, கடைசி வருஷத்துல உட்கார்ந்து ஃபோல்டர் பேர் மாத்தறது பெரிய வேதனை.

ஆய்வுமாணவி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இப்பதான் கன்சென்ட் ஃபார்மை எடுத்துப் பார்த்தேன், "இந்த ஆய்வுக்கு மட்டும்"னு போட்டிருக்கு. அப்ப எண்கள் மட்டும் அனுப்பறதுக்கும் மறுபடி எத்திக்ஸ் கமிட்டிகிட்ட போகணுமா?

வோக்ஸல்:
போகணும். எண்கள்னாலும் அது அவங்க மூளையோட அளவுதானே. பெயர், பிறந்த தேதி எடுத்துட்டு வயசு, பாலினம், வலிப்பு வகை மட்டும் கூடப் போகும்னு தெளிவா எழுதிக் கேளுங்க. அனுமதி வர நாளாகும், அதுவரைக்கும் ஃப்ரீசர்ஃபரை ஓட்டி ஒவ்வொரு ஸ்கேனையும் கண்ணால செக் பண்ணி வைங்க, முக்கியமா காதுக்கு முன்பக்கமா இருக்கற டெம்போரல் நுனிப் பக்கம், அங்க சாஃப்ட்வேர் போடற எல்லைக்கோடு மூளையை விட்டு வெளிய ஓடறதை நான் நிறைய பார்த்திருக்கேன்.